கொறடா உத்தரவை மீறினால் எம்.எல்.ஏ. பதவி போயிடுமா?

கேள்வி (பென்னாகரம்):
ஒகேனக்கல் உபரிநீர் ஏரிகளுக்கு வரணும்னு எல்லாக் கட்சிக்காரங்களும் ஊர்ல பேசுறாங்க. சபையில ஓட்டெடுப்புன்னா கட்சி சொன்ன பக்கம்தான். கொறடாவை, அதாவது யார் பக்கம் ஓட்டுப் போடணும்னு கட்சி சார்பா உத்தரவு போடுறவரை, மீறினா உடனே பதவி காலியா? அப்போ ஒரு எம்.எல்.ஏ.வை எதை வச்சு எடை போடுறது?

பதில் 1 (அரூர்):
உடனே போகாது. 1985இல் அரசியல் சட்டத்துல வந்த பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்), கொறடா உத்தரவுக்கு எதிரா ஓட்டுப் போட்டாலும், முன் அனுமதி இல்லாம ஓட்டுப் போடாம இருந்தாலும் தகுதிநீக்கத்துக்கு இடமுண்டு. கட்சி 15 நாளுக்குள் மன்னிச்சுட்டா விஷயம் முடிஞ்சது. இல்லேன்னா முடிவு சபாநாயகர் கையில். அவரும் ஒரு கட்சிச் சின்னத்துல ஜெயிச்சவர்தான், கோளாறே அங்கதான்.

நம்ம மாவட்டமே சாட்சி. 2017 செப்டம்பரில் தகுதிநீக்கமான 18 அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்களில் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி எம்.எல்.ஏ.க்களும் உண்டு. அவங்க சபையில மாத்தி ஓட்டே போடல. முதல்வர் மேல நம்பிக்கை இல்லேன்னு ஆளுநரிடம் கடிதம் கொடுத்தாங்க. அதையே தானா கட்சியை விட்டதா எடுத்துக்கிட்டாங்க. அதே வருஷம் பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் எதிர்த்து ஓட்டுப் போட்ட அதே கட்சிக்காரங்க 11 பேர் பதவி தப்பியது. 2019 ஏப்ரல் 18 இடைத்தேர்தல் வரை இரண்டு தொகுதிக்கும் எம்.எல்.ஏ.வே இல்லை. அந்த 19 மாசத்துக்கு யார் பொறுப்பு?

பதில் 2 (பாலக்கோடு):
கொறடாவை விடப் பெரிய பூட்டு பி படிவம், அதாவது இவர்தான் எங்க வேட்பாளர்னு கட்சி தர்ற தாள். கட்சி அதிகாரம் கொடுத்தவர் மையால் கையெழுத்துப் போட்ட அந்தத் தாள், மனுத்தாக்கல் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் தேர்தல் நடத்தும் அலுவலர் கைக்கு வரணும். ரப்பர் ஸ்டாம்பு கையெழுத்து செல்லாது. தாள் வரலேன்னா சின்னம் இல்லை. ஓட்டெடுப்பே வராத விஷயத்துலயும் அஞ்சு வருஷம் வாய் திறக்காம இருக்கிறது இதுக்காகத்தான்.

பதில் 3 (ஊத்தங்கரை):
ஓட்டெடுப்பை வச்சு எடை போட முடியாது. பெரும்பாலான மசோதா குரல் வாக்கெடுப்புல போயிடும், பேர்வாரியா பதிவே இருக்காது. கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, மானியக் கோரிக்கை (ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்குற விவாதம்), இங்கெல்லாம் கொறடா கயிறு கொஞ்சம் தளர்ந்திருக்கும். நீர்வளத் துறை மானியக் கோரிக்கை நாளோட அவைக் குறிப்பை எடுங்க. தலைவருக்கு நன்றி சொல்லியே நேரம் போச்சா, இல்ல எந்த ஏரி, எத்தனை கிலோமீட்டர் குழாய், மதிப்பீடு எப்போன்னு கேட்டாரா? அமைச்சர் ‘நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’னு சொன்னதும் உட்கார்ந்துட்டாரா, அடுத்த வருஷமும் அதையே கிளப்பினாரா?

இன்னொண்ணு. 2022இல் ஒவ்வொரு எம்.எல்.ஏ.வும் தொகுதியின் முக்கியமான 10 கோரிக்கையைக் கலெக்டரிடம் தரணும்னு முதல்வர் கடிதம் எழுதினார். உங்க தொகுதிப் பட்டியல்ல உபரிநீர் இருக்கான்னு பாருங்க.

கேள்வி கேட்டவர்:
அந்தப் பட்டியல் எப்படிக் கிடைக்கும்?

பதில் 3:
தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. பொதுத் தகவல் அலுவலர், மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தர்மபுரின்னு எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்க. ‘ஏன் செய்யல’ன்னு கேட்காதீங்க, தட்டிக் கழிச்சிடுவாங்க. பட்டியலோட நகலையும், ஒவ்வொரு கோரிக்கையும் இப்போ எந்த நிலையில இருக்குங்கிற கோப்பு நகலையும் கேளுங்க. 30 நாள்ல பதில் வரணும்.