உருவாக்கப்பட்ட நிரலைச் சோதனைக்குள் கம்பைல் செய்தபோது கிளாஸ்பாத்தால் நேர்ந்தவை: அனுபவப் பகிர்வு

முதல் பகிர்வு

தரவின் அமைப்பை விவரிக்கும் ஸ்கீமா கோப்பைப் படித்து ஜாவா வகுப்புகளை எழுதித் தரும் கருவி ஒன்றை எங்கள் குழு பராமரிக்கிறது. அது எழுதும் நிரல் பிழையின்றிக் கம்பைல் ஆகிறதா என்று, நிரலுக்குள்ளிருந்தே கம்பைலரை அழைக்க ஜாவா 6 முதல் கிடைக்கும் ஜாவாகம்பைலர் இடைமுகத்தின் வழியாக ஒவ்வொரு சோதனையிலும் சரிபார்த்து வந்தோம். எல்லாச் சோதனைகளும் பச்சையாகவே, அதாவது வெற்றியாகவே, இருந்தன. ஆனால் ஜாவா 11-க்கு மாறிய ஒரு பயனர், எங்கள் கருவி தந்த ஒரு வகுப்புகூடக் கம்பைல் ஆகவில்லை என்று எழுதினார்.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாட்கள் ஆயின. நாங்கள் எழுதிய ஒவ்வொரு வகுப்பின் தலையிலும் ஜாவாஎக்ஸ்.அனொட்டேஷன்.ஜெனரேட்டட் என்ற குறிப்பு (இது கருவி எழுதிய நிரல் என்று காட்டும் அனொட்டேஷன்) இருந்தது. ஜாவா 10 வரை ஜேடிகே என்ற ஜாவா உருவாக்கக் கருவித்தொகுப்புடனேயே வந்த அந்தக் குறிப்பு, ஜாவா 11-இல் அதன் மாட்யூலோடு சேர்த்து நீக்கப்பட்டுவிட்டது. எங்கள் சோதனைகளும் ஜாவா 11-இல்தான் ஓடின என்றாலும் அவை தோற்கவில்லை. போலி சர்வருக்காக நாங்கள் சேர்த்திருந்த ஒரு சோதனை நூலகம், தன் சார்புகளோடு அந்தக் குறிப்பு அடங்கிய ஜார் கோப்பையும் (வகுப்புகளைக் கட்டிவைத்த நூலகக் கோப்பு) இழுத்துவந்திருந்தது. கிளாஸ்பாத் (வகுப்புகளைத் தேட வேண்டிய இடங்களின் பட்டியல்) எது என்று நாம் சொல்லாமல் விட்டால், சோதனையின் அதே ஜேவிஎம்முக்குள் (ஜாவா நிரலை ஓட்டும் மெய்நிகர் இயந்திரம்) ஓடும் கம்பைலர் பொதுவாகச் சோதனையின் கிளாஸ்பாத்தையே எடுத்துக்கொள்ளும். பயனரிடம் இருப்பவை மூன்று ஜார் கோப்புகள். நாங்கள் சோதித்ததோ எங்களிடமிருந்த அத்தனை ஜார்களையும் வைத்துக்கொண்டு. இதை நான் சிறு கவனக்குறைவாகக் கருதவில்லை. அந்தச் சோதனைகள் எதை உறுதிசெய்ய எழுதப்பட்டனவோ, அதை ஒருநாளும் உறுதிசெய்யவே இல்லை.

பில்ட் கருவியான கிரேடிலில் தனியாக ஒரு கான்ஃபிகரேஷனை (சார்பு நூலகங்களின் பட்டியல்) அமைத்து, பயனரிடம் இருக்கக்கூடிய நூலகங்களை மட்டும் அதில் வைத்து, அந்தப் பாதையைச் சோதனைக்கு அனுப்பி, அங்கிருந்து கம்பைலருக்கு வெளிப்படையாகக் கொடுத்தோம். முதலில் அதை சிஸ்டம் ப்ராபர்ட்டியாக, வெறும் சரமாக அனுப்பியதால், ஒவ்வொரு கணினியின் முழுப்பாதையும் பில்ட் கேஷின் (முந்தைய ஓட்டத்தின் முடிவைச் சேமித்து மீண்டும் பயன்படுத்தும் கிடங்கு) கணக்கில் புகுந்து, ஒருவர் ஓட்டிய முடிவு மற்றவருக்குப் பயன்படாமல் போயிற்று. கமாண்ட்லைன் ஆர்க்யுமென்ட் ப்ரொவைடர் ஒன்றை எழுதி, அதற்குள் அந்தக் கோப்புகளைக் கிளாஸ்பாத் உள்ளீடு என்று அறிவித்த பிறகே அது சரியாயிற்று. மாற்றிய அன்றே மேலும் சில சோதனைகள் தோற்றன. தோற்ற ஒவ்வொன்றும் பயனரைத் தாக்கக் காத்திருந்த உண்மையான பிழை.

இரண்டாம் பகிர்வு

மேலே நண்பர் சொன்னதையே நாங்கள் வேறு வழியில் சந்தித்தோம். சோதனையின் கிளாஸ்பாத்தில் ஓர் அனொட்டேஷன் ப்ராசஸர் (கம்பைலின்போது குறிப்புகளைப் படித்து நிரலைச் சேர்க்கும் செருகி) இருந்தது. ஜேடிகே 22 வரையில், கிளாஸ்பாத்தில் ப்ராசஸர் பதிவாகியிருந்தால் கம்பைலர் தானாகவே அதைக் கண்டெடுத்து ஓட்டிவிடும். ஜேடிகே 23 முதல்தான், நாம் கேட்காமல் அது ஓடுவதில்லை. நாங்கள் உருவாக்கிய நிரலில் விட்டுப்போயிருந்த கெட்டர் முறைகளை (புலத்தின் மதிப்பைத் தருபவை) அந்த ப்ராசஸர் அமைதியாக நிரப்பித் தந்ததால், எங்கள் டெம்ப்ளேட்டில் இருந்த குறை பல வாரங்கள் தெரியவே இல்லை. சோதனைக் கம்பைலுக்கு, ப்ராசஸர் எதையும் ஓட்டாதே என்னும் ப்ராக்:நன் விருப்பத்தைக் கொடுத்ததும் அது வெளிப்பட்டது. ப்ராசஸரையே சோதிப்பவர்கள் மட்டும், எந்த ப்ராசஸர் ஓட வேண்டும் என்பதைப் பெயர்சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மேவன் என்ற பில்ட் கருவியைப் பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு: டிபென்டென்சி ப்ளகினின் பில்ட்-கிளாஸ்பாத் இலக்கு, பாதையை ஒரு கோப்பில் எழுதித் தரும். சோதனை அந்தக் கோப்பைப் படித்துக்கொள்ளலாம்.

மூன்றாம் பகிர்வு

எங்களுடையது பழைய நிரல். சோதனையின் கிளாஸ்லோடரை (வகுப்புகளை ஏற்றும் பகுதி) யூஆர்எல்கிளாஸ்லோடர் வகைக்குக் காஸ்ட் செய்து, அதிலிருந்து ஜார் பட்டியலை எடுத்துக் கம்பைலருக்குக் கொடுத்து வந்தோம். ஜாவா 9-இல் செயலியின் கிளாஸ்லோடர் அந்த வகையைச் சேர்ந்ததாக இல்லாமல் போனதால், எல்லாச் சோதனைகளும் ஒரே நாளில் கிளாஸ்காஸ்ட் பிழையோடு விழுந்தன. முதல் பகிர்வில் உள்ளபடி பாதையை வெளியிலிருந்து வாங்கும் முறைக்கு மாறினோம். அப்போது பாதைகளுக்கு நடுவே முக்காற்புள்ளியை நேரடியாக எழுதியிருந்ததால் விண்டோஸ் கணினிகளில் மீண்டும் தோற்றது. அங்கே பிரிப்பது அரைப்புள்ளி. ஃபைல்.பாத்செபரேட்டர் என்ற மாறிலியை இட்டபின் இரண்டு தளங்களிலும் ஓடுகிறது.