கொழும்பு கொட்டாஞ்சேனைப் பக்கம் தனியார் போதை மறுவாழ்வு நிலையம்: எதைப் பார்த்துச் சேர்ப்பது?

கேள்வி: ஹெரோயினை விடச் சம்மதித்த ஒருவரைச் சேர்க்கவேணும். நிலையம் சட்டப்படி நடக்குதா என்று எப்படி அறிவது?

பதில் 1: போதைக்கு அடிமையானோரின் சிகிச்சை, புனர்வாழ்வு பற்றிய 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் நிலையத்துக்கும் அனுமதிப்பத்திரம் வேணும். அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுத் தேசிய சபைதான் பொறுப்பு. பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கோ. சபையின் 1927 இலக்கத்துக்கு எடுத்து உறுதிப்படுத்துங்கோ.

பதில் 2: பத்திரத்தோட நிற்காதீங்க. இரவில் தாதி இருக்கிறாரா? கடைசியாகப் பாவித்து 8–12 மணித்தியாலத்தில் மூக்கொழுகல், உடல் உளைவு தொடங்கும். 2ஆம், 3ஆம் நாள் உச்சம். வாந்தி, வயிற்றோட்டத்தால் வரும் நீரிழப்பைக் கவனிக்க ஆள் வேணும். அடித்துக் கட்டிவைக்கிற இடம் வேண்டவே வேண்டாம்.

பதில் 3: வெளியே வந்த முதல் வாரங்கள்தான் மிகவும் பயம், தம்பி. போதையை உடல் தாங்கும் திறன் இறங்கியிருக்கும், திரும்பப் பாவித்தால் பழைய அளவே மூச்சை நிறுத்திவிடலாம். அடுத்த கிளினிக் திகதியை எழுதித் தராத இடத்தில் சேர்க்காதீங்க.