வலிப்புள்ள குழந்தைக்கு சி.பி.டி. எண்ணெய்: டாக்டரிடம் சொல்லாமல் ஆரம்பிக்கலாமா?

நெய்தல்:
6 வயதுப் பெண் குழந்தை, எடை 16 கிலோ. லெனாக்ஸ்-கஸ்டோ என்ற கடுமையான குழந்தைப் பருவ வலிப்பு. வால்ப்ரோயேட், குளோபசாம் என்ற வலிப்பு மருந்துகள் இரண்டும் கொடுத்தும் நாளுக்கு நாலைந்து தடவை விழுகிறாள். ஆன்லைனில் விஜயா எண்ணெய் (கஞ்சா இலைச் சாறு; கஞ்சாச் செடியில் உள்ள சி.பி.டி. என்ற பொருள் இதில் இருக்கிறதாம்) 30 மி.லி., '1500 மி.கி.' என்று விற்கிறார்கள். காலை 5 சொட்டு, இரவு 5 சொட்டு போதுமாம். நரம்பியல் டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். முதலில் கொடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லலாமா?

மருந்தாளுநர்:
தயவுசெய்து வேண்டாம். இந்த வலிப்புக்கு அமெரிக்காவில் 2018-இல் அனுமதி பெற்றது எபிடியோலெக்ஸ். 1 மி.லி.-யில் 100 மி.கி. சுத்தமான சி.பி.டி. கிலோவுக்கு 2.5 மி.கி. வீதம் தினம் இரண்டு வேளை தொடங்குவார்கள். 16 கிலோவுக்கு வேளைக்கு 40 மி.கி., அதாவது 0.4 மி.லி. ஒரு வாரம் கழித்து வேளைக்கு 80 மி.கி. அளப்பது வாய்வழி சிரிஞ்சில், சொட்டில் அல்ல.

இப்போது அந்த பாட்டிலைப் பாருங்கள். 1500 மி.கி.யும் சி.பி.டி. என்றே வைத்தாலும் மி.லி.க்கு 50. 20 சொட்டு ஒரு மி.லி. என்றால் 5 சொட்டில் 12.5 மி.கி.தான். போதவில்லை என்று சொட்டைக் கூட்டினால் கூடவே இருக்கும் டி.எச்.சி. என்ற இன்னொரு கஞ்சாப் பொருளும் கூடும். போதை தருவது அதுதான். வளரும் மூளைக்கு அது ஆகாது. 2017-இல் ஆன்லைனில் விற்ற 84 சி.பி.டி. பொருள்களை அமெரிக்காவில் சோதித்தார்கள், 18-இல் டி.எச்.சி. இருந்தது.

குழந்தை நரம்பியல்:
எனக்குப் பெரிய கவலை கூடவே போகும் அந்த இரண்டு மருந்துகள்தான். சி.பி.டி., குளோபசாம் உடைந்து உண்டாகும் பொருளை உடம்பை விட்டுப் போகவிடாது. ரத்தத்தில் அதன் அளவு மூன்று மடங்குகூட ஆகலாம். குழந்தை தூங்கி வழியும், எச்சில் ஒழுகும், கஞ்சி ஊட்டினால் புரை ஏறும். வீட்டில் 'எண்ணெய் வேலை செய்கிறது, நிம்மதியாகத் தூங்குகிறாள்' என்று நினைத்துவிடுவார்கள். அப்போது பெரும்பாலும் குறைக்க வேண்டியது குளோபசாம். எண்ணெய் போவது தெரியாத டாக்டர் அதை எப்படிக் குறைப்பார்?

வால்ப்ரோயேட்டோடு சேர்ந்தால் கல்லீரல் பாதிக்கப்படும் வாய்ப்பு கூடுதல். ஆரம்பிக்கும் முன்பு ஒரு எல்.எஃப்.டி. (கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை), பிறகு 1, 3, 6 மாதங்களில். வால்ப்ரோயேட் கூடவே போனால் இன்னும் அடிக்கடி எடுப்போம்.

சாப்பாடும் கணக்கில் வரும். கொழுப்பு நிறைந்த உணவோடு கொடுத்தால் வெறும் வயிற்றில் ஏறுவதைப்போல் நாலு மடங்கு ஏறும். காலையில் வெறும் வயிறு, இரவில் நெய்ப் பொங்கல் என்று மாற்றாதீர்கள். எள் ஒவ்வாமை இருந்தால் எபிடியோலெக்ஸ் கூடாது, அது நல்லெண்ணெயில் கரைத்தது.

பலன் உண்டு, ஆனால் அளவோடு. தினம் கிலோவுக்கு 20 மி.கி. கொடுத்த ஆய்வில் விழும் வலிப்பு 42 சதவீதம் குறைந்தது; ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த, மருந்தே இல்லாத போலி மருந்திலேயே 17 சதவீதம் குறைந்தது.

வைத்தியன்:
சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1985 போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்பது பூ, காய் நுனி. தனி இலை அதில் வராது. அந்த வழியாகத்தான் ஆயுர்வேதத்தில் விஜயா வருகிறது. ஆனால் மருந்து விதிகளின் ஈ(1) அட்டவணையில் இருப்பதால், மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை லேபிளில் இருந்தாக வேண்டும். பார்க்காத குழந்தைக்குச் சொட்டுக் கணக்கு சொல்வது மேற்பார்வை ஆகாது.

நெய்தல்:
நன்றி. லேபிளில் 'விஜயா இலைச் சாறு 1500 மி.கி.' என்று மட்டும் இருக்கிறது.

மருந்தாளுநர்:
அப்படியானால் அது மொத்தச் சாற்றின் எடை, சி.பி.டி. எவ்வளவு என்றே தெரியாது. அந்த பேட்ச் எண்ணுக்கு உரிய ஆய்வக அறிக்கையை விற்பவரிடம் கேளுங்கள். தராவிட்டால் வாங்காதீர்கள். டாக்டரிடம் போகும்போது லேபிளின் படம், இப்போது கொடுக்கும் மருந்துகளின் மி.கி. அளவு, இரண்டு வார வலிப்புக் குறிப்பு மூன்றையும் கொண்டுபோங்கள். ஏற்கெனவே கொடுக்க ஆரம்பித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். சட்டென்று நிறுத்தவும் கூடாது. வலிப்பு விடாமல் தொடரக்கூடும்.