முத்துப்பட்டன் கதையை நான் கேட்ட இரண்டு ஊர்கள்

எங்கள் நெல்லைப் பக்கம் கொடைக்கு, அதாவது ஊர்க் கோயில் திருவிழாவுக்கு, நாள் குறித்ததுமே மற்றவர்கள் என்ன கேட்பார்களோ, என் ஆச்சி கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "வில்லு யாரு?" வில்லுப்பாட்டுப் பாட வருவது யார் என்று அர்த்தம். அவள் மடியில் பாதி தூக்கத்தில் கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்ட பித்து இது. ஆச்சி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன, நான் இன்னும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறேன். செவ்வாய், வெள்ளி ராத்திரிகளில் என்னை வீட்டில் தேட வேண்டாம் என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் எப்போதும் உட்காருவது குடக்காரர் பக்கம். பாட்டு நன்றாகக் கேட்பது தலைமைப் பாடகரான அண்ணாவிக்கு நேர் எதிரே என்று சொல்வார்கள், சரிதான், ஆனால் அவருடைய கை அடுத்து என்ன செய்யப்போகிறது என்பது குடக்காரரைப் பார்த்தால்தான் தெரியும். வைக்கோல் பிரிமணையில் குடம், அதன் மேல் பனைமரத்து வில்லு. ஒரு கையில் இருக்கும் பத்தி என்கிற தட்டையால் குடத்தின் வாயில் அடி விழும்போது ஊதினாற்போல் ஒரு கனத்த சத்தம், மறுகையிலிருக்கும் காசு குடத்தின் பக்கவாட்டில் 'டிங்' என்று அதைத் தொடும். அண்ணாவி வீசுகோலை நாணில் வீசிவிட்டு விருத்தத்தை இழுத்துக்கொண்டு போகும்போது குடக்காரர் அடிக்கவே மாட்டார், உள்ளங்கையைக் குடத்தின் மேல் வைத்துக்கொண்டு அண்ணாவியின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கை எப்போது எழும்பும் என்று நானும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

காப்பு, குருவணக்கம், அவையடக்கம் எல்லாம் முடிந்து கதை தொடங்கியபின் வருகிறவர்கள்தான் நிறைய. தயவுசெய்து அப்படி வராதீர்கள். அண்ணாவிக்கு அன்றைக்குத் தொண்டை எப்படி, பக்கப்பாட்டுக்காரர்கள் எவ்வளவு சேர்ந்து பாடுகிறார்கள் என்பதெல்லாம் அந்த முதல் அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இனி நான் சொல்ல வந்தது. முத்துப்பட்டன் கதையை எத்தனையோ தடவை கேட்டாயிற்று. பிராமணப் பையன், அண்ணன்மாரோடு பகை, காட்டில் பொம்மக்கா திம்மக்கா பாடும் சத்தம், செருப்புத் தைக்கும் சாதிக்காரரான அவர்கள் அப்பா வாலப்பகடையிடம் பெண் கேட்பது, பூணூலை அறுத்துப்போட்டுச் செருப்புத் தைக்கப் படிப்பது, கல்யாணமான ராத்திரியே மாடு திருட வந்தவர்களோடு சண்டைக்குப் போய்ச் சாவது. கடைசியில் பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிற இடத்தில் எந்த ஊர்க் கூட்டமும் அசையாது.

ஒரு ஊரில் இதைக் கேட்டபோது அண்ணாவி நடுவில் ஒரு கிளைக்கதை பாடினார்: அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களைப் பகடை எடுத்து வளர்த்தார் என்று. அதே அண்ணாவியை அடுத்த மாதமே வேறொரு ஊரில் கேட்டேன். அங்கே அந்தப் பேச்சே இல்லை. அவர்கள் பகடையின் சொந்த மக்கள், அவ்வளவுதான். கதை எவ்வளவு வேகமாகப் போனது தெரியுமா! பட்டன் பூணூலை அறுக்கிற வரியில் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார்.

விடிந்ததும் டீக்கடையில் அண்ணாவியிடமே கேட்டேன். "என்ன செய்யச் சொல்லுதிய தம்பி, ஊருக்குத் தக்கன பாட வேண்டியிருக்கு," என்றார். கொஞ்சம் கழித்து அவரே, "எனக்கு எங்கப்பா சொல்லித் தந்தது ரெண்டாவதுதான்," என்றார்.

இந்தக் கதையைப் பதிப்பித்த நா. வானமாமலையும் அந்தப் பிறப்புக் கதை பிற்பாடு சேர்ந்தது என்றுதான் எழுதியிருக்கிறார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அவர்கள் பிராமணப் பெண்கள்தான் என்றால் பட்டன் எதை விட்டுக்கொடுத்தான்? பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், அங்கே பட்டவராயன் என்ற சாமியாகிவிட்ட முத்துப்பட்டனுக்குச் செருப்புதான் காணிக்கை. தைத்த செருப்பை அந்த மனிதனுக்கே கொண்டுபோய்க் கட்டுகிறார்கள். பிறப்பை மாற்றிப் பாடுகிற ஊர்க்காரர்களும்தான் கட்டுகிறார்கள்.

ஒரு வருத்தமும் உண்டு. ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், அது நியாயம்தான், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் நடுராத்திரியில் நடக்கிற சாமக்கொடைக்கு வில்லுதானே முக்கியம். போன வருஷம் ஒரு ஊரில் மைக்கை அணைத்ததும் விழாக் கமிட்டிக்காரர்கள் கதையை முடித்துவிடச் சொன்னார்கள். அண்ணாவி முடிக்கவில்லை, ஆட்களை முன்னால் நெருங்கி உட்காரச் சொல்லிவிட்டு வெறுந்தொண்டையில் பாடினார். வில்லில் கட்டிய மணிகளின் சத்தம் எனக்கு அன்றுதான் ஒவ்வொன்றாகக் கேட்டது. மைக் இருந்தால் எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் வரும். கூட்டம் நூறு பேர்கூட இருக்காது, ஒருவரும் எழுந்து போகவில்லை.

வருகிற ஆடியில் அதே அண்ணாவி பாடுகிறார், முத்துப்பட்டன் கதைதான் என்று கேள்விப்பட்டேன். ரெண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். நம்மில் யாராவது வந்தால் குடக்காரர் பக்கம் வாருங்கள், நான் அங்கேதான் இருப்பேன். எந்தப் பிறப்பைப் பாடப்போகிறார் என்று சேர்ந்தே கேட்கலாம்.