பூனை விஷயத்தில் இன்னும் மனதை உறுத்தும் ஒரு சம்பவம் – அனுபவப் பகிர்வு

சாம்பல்வால்:
மூன்று வருடம் ஆகிறது, மணலைப் பிறாண்டும் சத்தம் கேட்டால் இன்றும் தூக்கம் கலைந்துவிடும். நான்கு வயது ஆண் பூனை, கருத்தடை செய்தாயிற்று, உலர் தீனி மட்டும்தான் தின்பான், தண்ணீர் அதிகம் குடிக்க மாட்டான். அன்று இரவு அவன் மலஜலம் கழிக்கும் மணல் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தான், வந்தான், திரும்பப் போனான். மலச்சிக்கல் என்று நினைத்துக்கொண்டேன். மணலில் ஈரமே இல்லை என்பதைப் பார்த்தேன், பார்த்தும் புத்தியில் ஏறவில்லை. காலையில் கட்டிலுக்கு அடியில் கிடந்தவனைத் தூக்கப் போய், அடிவயிற்றில் கை பட்டதும் கத்தினான், அப்படியொரு குரலை அதுவரை அவனிடம் கேட்டதில்லை. எலுமிச்சை அளவுக்குக் கல் மாதிரி இருந்தது. சிறுநீர்ப் பாதை அடைத்துப் பை நிரம்பியிருக்கிறது, இன்னும் அரை நாள் விட்டிருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றிருக்கும் என்றார் டாக்டர். சிறுநீரை வெளியேற்றக் குழாய் (கதீட்டர்) போட்டு மூன்று நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். பிழைத்துவிட்டான், இப்போது என் பக்கத்தில்தான் படுத்திருக்கிறான். ஆனால் அந்த இரவில் ஏழெட்டு முறை என் காலடியில் வந்து நின்று முகத்தைப் பார்த்துவிட்டுப் போனான். நான் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் "என்னடா" என்று கேட்டேன், அவ்வளவுதான். அதுதான் விடவே மாட்டேன் என்கிறது.

மொட்டைமாடி:
உங்களுக்குத் தெரியாமல் நடந்தது சாம்பல்வால். எங்கள் வீட்டில் நாங்களே கையால் ஊட்டிவிட்டோம். பூனைக்கு உடம்பு சுடுகிறது, பாவம் என்று அப்பா பாராசிட்டமால் 500 மாத்திரையில் பாதியைப் பொடித்துக் கொடுத்திருக்கிறார். நான் வேலை முடிந்து வரும்போது முகம் வீங்கியிருந்தது, முன்னங்கால் பாதங்களும் வீங்கியிருந்தன. வாயைத் திறந்து பார்த்தேன், ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது, சாக்லேட் நிறத்தில் இருந்தது. அந்த நிறத்தை என்னால் மறக்க முடியாது. பூனையின் கல்லீரலால் அந்த மருந்தை உடைத்து வெளியேற்ற முடியாதாம், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடுமாம். முறிவு மருந்து ஏற்றினார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள், நேரம் கடந்துவிட்டது. அப்பாவிடம் நாங்கள் சொல்லவில்லை. காய்ச்சலில்தான் போய்விட்டது என்று இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வெள்ளைமீசை:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. என்னுடையதையும் எழுதிவிடுகிறேன். மாடிப்படிக்குக் கீழே மூன்று குட்டிகள், கண்கூடத் திறக்கவில்லை, மழை வேறு வரும்போல இருந்தது, தாயைக் காணோம். எடுத்து வந்துவிட்டேன். கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல மல்லாக்க வைத்து ஃபில்லரில் மாட்டுப்பால் கொடுத்தேன். இரவில் ஒரு குட்டியின் மூக்கில் பால் நுரைத்து வந்தது. விடியும்போது அது இல்லை. மறுநாள் மாலை படிக்கட்டுப் பக்கம் தாய்ப்பூனை நின்று கத்திக்கொண்டிருந்தது, மடி கனத்துத் தொங்கியது. மீதி இரண்டையும் அட்டைப்பெட்டியோடு கொண்டுபோய் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். ஒன்றைக் கவ்விக்கொண்டு போனது, திரும்பி வந்து இன்னொன்றைக் கவ்விக்கொண்டு போனது. பிறகு மூன்றாவது முறையும் வந்தது. காலிப் பெட்டியை மோந்து பார்த்தது. உள்ளே இறங்கித் துணியைப் புரட்டிப் பார்த்தது.

கூண்டுக்காரன்:
வெள்ளைமீசை, நேராகவே சொல்கிறேன், தாய் இல்லை என்று முடிவெடுக்க எவ்வளவு நேரம் பார்த்தீர்கள்? குட்டிகள் வயிறு நிரம்பிச் சத்தமில்லாமல் தூங்கினால் தாய் இரை தேடப் போயிருக்கிறது என்று அர்த்தம், நாம் பக்கத்திலேயே நின்றால் அது வரவும் வராது, தூரத்தில் போய்ச் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். இடத்தில் ஆபத்து இருந்தால் மட்டும் உடனே எடுக்கலாம். எடுத்தால் முதல் வேலை பால் இல்லை, சூடு. உடம்பு சில்லென்று இருக்கும் குட்டிக்குப் பால் செரிக்காது. துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் வைத்து உடம்பு வெதுவெதுப்பான பிறகு, குட்டிகளுக்கென்றே விற்கும் பால் மாவைக் கரைத்து, குட்டியைக் குப்புற வைத்து, தலை கொஞ்சம் நிமிர்ந்திருக்கும்படி கொடுக்க வேண்டும். மாட்டுப்பால் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். முதல் வாரங்களில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும். ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் பின்பக்கம் துடைத்துவிட்டால்தான் மூத்திரமே போகும், தாய் நக்கிவிடும் வேலை அது. அப்புறம் அந்தத் தாய்க்குக் கருத்தடை செய்யாமல் விட்டால் என்ன பிரயோஜனம்? சினைக்காலம் ஒன்பது வாரம்தான், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினை பிடிக்கும், நான்கு ஐந்து மாதப் பெட்டைக்குட்டிகூடச் சினையாகும். பிடித்து, ஆபரேஷன் செய்து, கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காது நுனியை எடுத்து, பிடித்த இடத்திலேயே விடுங்கள்.

என் கதை சின்னது. ஒரு பெட்டையைக் கூண்டில் பிடித்துக் கொண்டுபோனேன், மேஜையில் கிடத்தியபோதுதான் மடியில் பால் இருப்பது தெரிந்தது. மயக்கம் தெளிந்த அன்றிரவே கொண்டுவந்து திறந்துவிட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகும் பால் வற்றாது, அது தெரியும். ஆனால் அந்தப் பன்னிரண்டு மணி நேரம் குட்டிகள் எங்கே கிடந்தன என்று இன்றுவரை தெரியாது. கதவு திறந்ததும் தடுமாறிக்கொண்டே ஓடியது.

அரைக்காது:
கூண்டுக்காரன் சொல்வதெல்லாம் சரி, ஆனால் ஒரு குட்டியைக் கையில் வைத்துக்கொண்டே இழந்தவரிடம் இந்தத் தொனி வேண்டாமே. அவர் அறிவுரை கேட்கவில்லை. நீங்களும் மடியைப் பார்க்காமல்தானே கூண்டை மூடினீர்கள்?

நான் முன்பு காது நுனி எடுப்பதை எதிர்த்தவள், அழகான பூனையை ஏன் மூளியாக்க வேண்டும் என்று சண்டையே போட்டிருக்கிறேன். எங்கள் தெருப் பூனை ஒன்றை என் பேச்சைக் கேட்டு நுனி எடுக்காமல் விட்டார்கள். இரண்டு வருடம் கழித்து வேறு யாரோ அதே பூனையைப் பிடித்து, மயக்க ஊசி போட்டு, வயிற்று முடியை மழித்த பிறகுதான் பழைய தையல் தடம் தெரிந்திருக்கிறது. மழித்த வயிற்றோடு அது என் வாசலில் வந்து படுத்தது. மயக்க நிலையில்தான் நுனியை எடுப்பார்கள், சீக்கிரம் ஆறிவிடும். எட்ட நின்றே அடையாளம் தெரிந்தால் இன்னொரு முறை கூண்டு, இன்னொரு மயக்கம் எதுவும் தேவையில்லை.

கூண்டுக்காரன்:
தொனிக்கு மன்னிப்பு, வெள்ளைமீசை. உண்மையில் என் மேல் இருந்த கோபம்தான் அது. மொட்டைமாடி, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் அப்பாவிடம் சொல்லிவிடுவதுதான் நல்லது. இன்னொரு பூனை வீட்டுக்கு வந்தால்?

வெள்ளைமீசை:
பரவாயில்லை. குப்புற வைத்துக் கொடுக்க வேண்டும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் எனக்குப் போதும். அந்தத் தாய் இன்னும் வருகிறது, இரண்டு காதும் முழுசாகத்தான் இருக்கிறது. மடி வற்றியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூண்டு வைக்கிறேன்.

மொட்டைமாடி:
இன்னொரு பூனை போன மாதமே வந்துவிட்டது, கூட்டி வந்ததே அப்பாதான். அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டு அவர் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் வாய் வரவில்லை. மாத்திரை டப்பாவை மட்டும் என் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். ஏன் பூட்டுகிறாய் என்று நேற்று கேட்டார்.