புதுப்பிப்பு: மொழி மாறினால் பட்டனைத் தொலைக்கும் சோதனை

எங்கள் விண்டோஸ் செயலியை பிரெஞ்சுக்கு மாற்றியதும் தானியங்கி சோதனை ‘சேவ்’ பட்டனைக் கண்டுபிடிக்காமல் நின்றுவிடுகிறது என்று முன்பு இங்கே எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது.

எங்கள் கருவி திரையைப் பார்ப்பதில்லை. திரையில் என்ன இருக்கிறது என்று மற்ற நிரல்களுக்குச் சொல்லும் விண்டோஸின் யூஐ ஆட்டோமேஷன் என்ற வசதி கொடுக்கும் மரத்தில்தான் (ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பட்டியல்) தேடுகிறது. அதில் ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் (பட்டன், பெட்டி போன்ற திரை உறுப்பு) பெயர், வகை, ஆட்டோமேஷன் ஐடி எனப் பண்புகள் இருக்கும். பட்டனின் பெயர் பெரும்பாலும் அதன் மேல் எழுதியிருக்கும் சொல்தான், அதனால் மொழியோடு சேர்ந்து மாறும். ஐடி மாறாது. பழைய ஸ்கிரிப்ட் பெயரை வைத்தே தேடிக்கொண்டிருந்தது.

இப்போது ஐடிக்கு மாற்றியாயிற்று. விண்டோஸ் செயலிகளின் திரைகளை உருவாக்க உதவும் டபிள்யூபிஎஃப்பில், நிரலுக்குள் கன்ட்ரோலுக்கு வைக்கும் எக்ஸ்:நேம் என்ற உள்பெயர் வழக்கமாக ஐடியாகவே வந்துவிடும், தனி வேலை இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: அந்த ஐடி உடன்பிறப்புக் கன்ட்ரோல்களுக்குள் (மரத்தில் ஒரே உறுப்புக்கு நேர்கீழே இருப்பவை) தனித்திருந்தால் போதும் என்பதே விதி, மரம் முழுக்க அல்ல. ஆகவே முதலில் ஜன்னலைப் பிடித்து, அப்புறம் அதற்குள் தேடுங்கள்.

மிச்சமிருப்பது நாங்களே வரைந்த அட்டவணை. மரத்தைக் காட்டும் இன்ஸ்பெக்ட் கருவியில் பார்த்தால் உள்ளே எதுவும் இல்லாத ஒரே பெட்டி. அதற்கு ஆட்டோமேஷன் பியர் (கன்ட்ரோலின் விவரங்களை மரத்துக்குக் கொடுக்கும் நிரல்பகுதி) எழுதச் சொல்லி டெவலப்பர்களிடம் விடாமல் கேட்டு வருகிறேன். சோதனைக்காக மட்டுமல்ல. நரேட்டர், என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்களும் இதே மரத்தைத்தான் நம்பியிருக்கின்றன. பார்வையற்ற பயனருக்கு அந்த அட்டவணை இப்போது இல்லவே இல்லை.