ஆங்கிலத்தில் வெற்றிலைக்கும் வண்டுக்கும் ஒரே ஒலி: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

பாபநாசம், டியூஷன் டீச்சர்:

பத்தாம் வகுப்பில் ‘என் தந்தையின் தொழில்’ என்று ஆங்கிலத்தில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். அப்பாவுக்கு ராஜகிரிப் பக்கம் கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. விடியற்காலையில் அகத்தி நிழலில் இலை கிள்ளிக்கொண்டு வந்து திண்ணையில் உட்காருவார். காம்பெல்லாம் ஒரே பக்கம் வரும்படி அடுக்கி, ஈரம் போகாமல் வாழைச் சருகில் வைத்துக் கவுளி கட்டுவார். ஒன்று விடாமல் எழுதினேன். ஆனால் வெற்றிலை வரும் இடத்திலெல்லாம் பி-இ-இ-டி-எல்-இ என்று போட்டுவிட்டேன். அது வண்டு! அப்பா வண்டு பயிரிடுகிறார், வண்டைக் கட்டுக் கட்டாகக் கும்பகோணத்துக்கு அனுப்புகிறார் என்று கட்டுரை முழுக்க வண்டு. ஆசிரியர் அதை உரக்கப் படித்தார், வகுப்பே சிரித்தது. அப்பாவைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது எனக்கு. வீட்டில் மூச்சு விடவில்லை.

கல்லூரிக்குப் போன பிறகுதான் நூலகத்தில் பெரிய அகராதியை எடுத்து இரண்டையும் தேடினேன். வண்டுக்கான சொல் பழைய ஆங்கிலத்தில் ‘கடிப்பது’ என்ற பொருளில் பிறந்திருக்கிறது. கடிப்பதற்கு இன்று சொல்லும் பைட் அதற்கு உறவு. மற்றது நம் வீட்டுச் சொல். மலையாளக் கரையில் ‘வெற்றில’ என்று காதில் விழுந்ததைப் போர்ச்சுகீசியர் தங்கள் வாய்க்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள், அவர்கள் வழியாக அது ஆங்கிலத்துக்குப் போனது. எதை எழுதத் தெரியாமல் அவமானப்பட்டேனோ, அது அப்பா தினமும் சொல்லும் சொல்! அகராதியை மூட மனமே வரவில்லை.

என் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்: வெற்றிலையில் ‘வெ’ குறில், அதனால் முதலில் ஒரே ஒரு இ. பி-இ-டி-இ-எல். அதற்கப்புறம் ஒருவரும் தப்பாக எழுதியதில்லை.

மன்னார்குடி, ஓய்வு பெற்ற காசாளர்:

முப்பது வருடம் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். கேஷ் என்பது நம் காசுதான் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தவறு. அந்த கேஷ் பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் பணப்பெட்டிக்கு இருந்த பெயரிலிருந்து வந்தது. பெட்டியின் பெயர் உள்ளே இருக்கும் பணத்துக்கு ஆகிவிட்டது. “இன்னிக்குக் கல்லா எவ்வளவு?” என்று கடைத்தெருவில் கேட்கிறோமே, அது போல.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஒரு நாள் வயதான அம்மா ஒருவர் சுருக்குப்பையிலிருந்து பச்சை பிடித்த செப்புக்காசு ஒன்றை எடுத்து, “தம்பி, இது செல்லுமா?” என்று கவுண்டரில் வைத்தார். ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம், 1808 என்று வருடம். மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் ‘கேஷ்’. நாணயம் சேர்க்கும் நண்பர்தான் விளக்கினார். ஆங்கில அகராதியில் கேஷ் இரண்டு இருக்கிறது, எழுத்தும் ஒன்றே. இந்த இரண்டாவது கேஷ்தான் நம் காசு. இதுவும் போர்ச்சுகீசியர் வழியாகப் போனதுதான். அன்றைய சென்னைப்பட்டணக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் காலத்திலேயே ‘காசு’ இருக்கிறது. அதை இப்போது போய்ப் படிக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி அந்த அம்மாவிடமே கொடுத்துவிட்டேன்.

திருவாரூர்ப் பக்கம், இப்போது டப்ளினில்:

வேலைக்குச் சேர்ந்த புதிது. கொள்முதல் நிலைய வாசலில் எங்கள் நெல் மழையில் நனைகிறது என்று அப்பா போனில் சொன்னார். முகம் வாடியிருந்ததைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரர் விசாரித்தார். “எங்க பேடி மழையில கிடக்கு” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் பதறி எழுந்து, “ஆம்புலன்ஸ் கூப்பிட்டீங்களா?” என்றார். இங்கே பேடி என்றால் பேட்ரிக் என்ற பெயரின் சுருக்கம். வெளியாள் வாயில் அது வசவாகவும் ஆகும், அதனால் இப்போது கவனமாக இருக்கிறேன். நெல்லைக் குறிக்கும் பேடி மலாய் மொழியிலிருந்து வந்ததாம். நம் ‘நெல்’ ஆங்கிலத்தில் ஏறவில்லையே என்று இன்னும் மனதில் கொஞ்சம் குறை இருக்கிறது.

மாயவரம், போர்டு ஆர்ட்டிஸ்ட்:

மாவு மில் போர்டில் ஆங்கிலத்தில் ‘ஃப்ளவர்’ என்று எழுதும்போது, மாவுக்கான எழுத்துக்குப் பதிலாகப் பூவின் எழுத்தைப் போட்டுவிட்டேன். முதலாளி பாதிக் கூலியைப் பிடித்துக்கொண்டார். வருடங்கள் கழித்து, ஆங்கில இலக்கியம் படித்த என் மகள்தான் சொன்னாள்: இரண்டும் ஒரே சொல்லாக இருந்ததாம். அரைத்துச் சலித்ததில் ஆக நைசான பகுதியைத்தான் ‘பூ’ என்று சொல்லியிருக்கிறார்கள். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில்கூட மாவுக்குத் தனி எழுத்து கிடையாதாம். அந்தக் காலத்தில் எழுதியிருந்தால் என் போர்டு சரி.

பாபநாசம், டியூஷன் டீச்சர்:

மன்னார்குடி ஐயா, உங்கள் பதிவை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்தச் சூட்டோடு அவரிடம் மறைத்த கட்டுரைக் கதையையும் சொல்லிவிட்டேன். ஆங்கிலத்தில் வெற்றிலையை எப்படிச் சொல்வார்கள் என்று என்னை இரண்டு தடவை சொல்ல வைத்துக் கேட்டார். “இவ்வளவு தூரம் கொண்டுபோனவன், வெத்தலைன்னே சொல்லியிருக்கலாமே” என்றார்.